போனைப் பூட்டலாமா, கட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

போன் பார்க்கும் நேரத்தைக் குறைக்க உதவும் சாமான்கள் பற்றி மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. மனக்கட்டுப்பாடு, தியானம் பற்றிக் கேட்டவர்கள் மன்னிக்கவும். இம்முறை பெட்டி, பூட்டு, பிளக், நூல் இவற்றோடு நிற்கிறோம்.

மகள் உயர்தரம் படிக்கிறாள். நேரம் வைத்தால் அது முடியும்வரை திறக்காத பெட்டி ஒன்றை இணையத்தில் பார்த்தேன். வாங்கலாமா? ரியூசன் அறிவித்தல் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது.
– தாய் ஒருவர், களுவாஞ்சிக்குடி

வாங்கலாம், அளந்து பார்த்து வாங்குங்கள். இந்தப் பெட்டியின் மூடிக்குள் சின்ன மோட்டார் ஒன்று இருக்கும். நேரத்தை வைத்து அழுத்தினால் அது கொக்கியைத் தள்ளிப் பூட்டும். நேரம் பூச்சியமாகும்வரை கொக்கி திரும்பாது. இப்போதைய போன்கள் உறையோடு 17 சென்ரிமீற்றர்வரை நீளம். பிஸ்கட்டும் இனிப்பும் வைக்கவென்று செய்த பெட்டிகள் பலவற்றில் போன் படுக்காது, நிமிர்த்தினால் மூடி மூடாது. எனவே வெளியளவை விட்டு உள்ளளவைக் கேளுங்கள்.

அடுத்தது பற்றரி. பூட்டியிருக்கும்போது பற்றரி தீர்ந்தால் என்ன ஆகும் என்று விற்பவரிடம் கேட்டே ஆகவேண்டும். பற்றரி அறை மூடியின் வெளிப்பக்கம் இருந்தால் மாற்றிப்போட்டுத் திறக்கலாம். உட்பக்கம் இருந்தால் பெட்டியை உடைப்பதுதான் வழி. வாங்கி வந்ததும் போன் வைக்காமல் வெறும் பெட்டியை 5 நிமிடத்துக்குப் பூட்டிப் பாருங்கள். நேரம் முடிந்து கொக்கி முழுதாகத் திரும்புகிறதா, மூடி தட்டாமல் எழும்புகிறதா என்று நாலைந்து தடவை பார்த்த பிறகே போனை வையுங்கள்.

வீட்டில் கிடக்கும் பிஸ்கட் ரின்னும் ஆமைப்பூட்டும் போதாதா என்று சிலர் கேட்பார்கள். தகர ரின் சிக்னலை மறிக்கும், ஆனால் முழுதாக மறிக்காது. போன் விட்டு விட்டுக் கோபுரத்தைத் தேடும், அனுப்பும் சக்தியைக் கூட்டும், பற்றரியைத் தின்னும், சூடாகும். அவசர அழைப்பும் வராமல் போகலாம். பிளாஸ்டிக், பலகை, கடதாசி மட்டைப் பெட்டிகளில் இந்தத் தொல்லை இல்லை. மணியடித்தால் கேட்கவும் செய்யும். எந்தப் பெட்டியானாலும் சார்ஜ் போட்டபடி மூட வேண்டாம்.

ரியூசன் அறிவித்தலுக்கு வழி இருக்கிறது. குழுவில் உங்கள் இலக்கத்தையும் சேர்க்கச் சொல்லுங்கள். வகுப்பு நேரம் மாறினால் நீங்களே மகளிடம் சொல்லிவிடலாம், நோட்ஸ் வந்தால் கடையில் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். முதல் கிழமை 45 நிமிடத்தோடு தொடங்குங்கள், பிறகு 90 ஆக்குங்கள். எடுத்த எடுப்பில் நாலு மணித்தியாலம் வைத்தால் மூன்றாம் நாள் பெட்டி அலுமாரிக்கு மேலே போய்விடும்.

பூட்டுவது மகளாகவே இருக்கட்டும். நீங்கள் பிடுங்கிப் பூட்டினால், சிநேகிதியின் பழைய போன் ஒன்று எப்படியோ வீட்டுக்குள் வரும். பெட்டியைப் படிக்கும் மேசையில் வைக்காமல் வேறு அறையில் வையுங்கள். போன் கண்ணுக்கு முன் இருந்தாலே கவனம் குறைகிறது என்று 2017இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்; பின்னர் செய்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் வேறு அறையில் வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லையே.

இரவு பத்தரைக்குப் பிறகு வைஃபையை நிறுத்த, நேரம் வைக்கும் பிளக் ரைமர் ஒன்றைப் பூட்டினேன். முதல் கிழமை சரியாக நின்றது. பிறகு பதினொன்று, இப்போது பன்னிரண்டு என்று தள்ளிப் போகிறது. சில நாள் நிற்பதேயில்லை. கரண்ட் போனால் பிடிக்க ரவுட்டரோடு ஒரு மினி யூபிஎஸ் உண்டு. ரைமர் பழுதா?
– தகப்பன் ஒருவர், அக்கரைப்பற்று

ரைமர் பழுதில்லை. உங்கள் கேள்வியிலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

சுற்றுவட்டத்தில் பல் பல்லாக இருக்கும் இந்த ரைமருக்குள் மணிக்கூடு ஓடுவது வீட்டுக் கரண்டிலேதான், உள்ளே பற்றரி கிடையாது. கரண்ட் ஒரு மணித்தியாலம் 20 நிமிடம் போனால் வட்டமும் அவ்வளவு நேரம் நின்றுவிடும், அதன்பிறகு 10.30க்கு நிற்கவேண்டியது 11.50க்கு நிற்கும். அடுத்த மின்வெட்டு வந்தால் அதுவும் இதோடு சேரும். ஒவ்வொரு தடவையும் வட்டத்தைத் திருப்பி, அம்புக்குறியைச் சரியான நேரத்துக்குக் கொண்டுவந்தால்தான் ஒழுங்காகும். அடிக்கடி கரண்ட் போகும் இடத்தில் இந்த வகை சரிவராது. எண் திரையுள்ள இலத்திரனியல் ரைமரில் நேரத்தைப் பிடித்துவைக்கச் சின்னப் பற்றரி ஒன்று உள்ளேயே இருக்கும். அதை வாங்குங்கள். பிளக் கால்களைப் பார்த்து வாங்குங்கள்: பழைய வீடுகளில் வட்டக்கால், புதியவற்றில் 13 அம்பியர் சதுரக்கால். அடப்ரர் மேல் அடப்ரராக அடுக்கினால் ரைமரின் பாரத்தில் பிளக் தொங்கித் தளரும்.

இரண்டாவது காரணம் யூபிஎஸ். ரைமர் சுவரில் கரண்டை வெட்டியதும், 'கரண்ட் போய்விட்டது' என்று யூபிஎஸ் ரவுட்டரைத் தாங்கிப் பிடிக்கிறது. அதன் வேலையே அதுதான், பாவம். பகலில் மின்வெட்டு வந்த நாளில் அதன் பற்றரி ஏற்கெனவே இறங்கியிருக்கும், அதனால் வைஃபை கெதியாக நிற்கிறது. மின்வெட்டு இல்லாத நாளில் பற்றரி நிரம்பி இருப்பதால் பிள்ளைகள் நித்திரையாகும்வரை ஓடுகிறது. நிற்பதேயில்லை என்று உங்களுக்குத் தோன்றுவது அந்த நாட்கள்தான்.

யூபிஎஸ் வேண்டுமென்றால் ரைமரை விட்டுவிட்டு ரவுட்டருக்குள்ளேயே நேரம் வையுங்கள். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரில் ஒரு முகவரி இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1. வைஃபையில் இணைந்தபடி அதை பிரவுசரில் அடித்து, அதே ஸ்ரிக்கரில் உள்ள பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் உள்ளே போகலாம். வைஃபை அல்லது டபிள்யூலேன் (WLAN) பகுதியில் நேர அட்டவணை இருக்கிறதா பாருங்கள். இருந்தால் 22.30 முதல் 5.00 வரை நிறுத்தம் என்று வைத்துவிட்டு, உள்நுழையும் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். ஸ்ரிக்கர் பிள்ளைகளுக்கும் தெரியும். ஒரு பிள்ளையின் போனை மட்டும் மறிக்கும் வசதியை நம்ப வேண்டாம். அது போனின் மெக் (MAC) முகவரியை, அதாவது வைஃபையில் போனை அடையாளம் காட்டும் எண்ணைப் பார்த்து மறிக்கிறது. இப்போதைய அன்ட்ரொயிட்டும் ஐபோனும் அந்த முகவரியை மாற்றிக் காட்டக்கூடியவை. வைஃபை அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினால் ரவுட்டருக்கு அது புதுப் போன்.

இந்த வழியில் இன்னொரு நன்மையும் உண்டு. ஃபைபர் இணைப்பில் வீட்டுத் தொலைபேசியும் அந்தப் பெட்டி வழியேதான் வருகிறது. ரைமரால் பெட்டியின் கரண்டையே வெட்டினால், இரவு வரும் அழைப்பும் செத்துவிடும். வைஃபையை மட்டும் நிறுத்தினால் தொலைபேசி ஓடும். வைஃபையில் ஓடும் கமரா இருந்தால் அது எப்படியும் நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

பழைய ரைமரை எறிய வேண்டாம், போன் சார்ஜருக்குப் போடலாம். பல் ஒன்றுக்கு 15 நிமிடம், மொத்தம் 96 பல், 10.30 முதல் 5 மணிவரை 26 பல். அமுக்கிய பல் கரண்டை விடுமா வெட்டுமா என்பது மொடலுக்கு மொடல் மாறும். மேசை விளக்கு ஒன்றைச் சொருகி முதலில் பாருங்கள்.

கடை வைத்திருக்கிறேன். ஓடர் எல்லாம் வாட்ஸ்அப்பில். கடை பூட்டி மஃரிபுக்குப் பிறகு வீட்டில் பிள்ளைகளோடு இருக்க நினைத்தாலும் கை போனுக்குத்தான் போகிறது. பட்டன் போனுக்கு மாறினால் யாவாரம் என்னாகும்?
– வியாபாரி ஒருவர், காத்தான்குடி

முழுதாக மாற வேண்டாம், மாலைக்கு மட்டும் மாறுங்கள். பட்டன் போனுக்கு வேறொரு சிம் போடுங்கள். கடை பூட்டும்போது ஸ்மார்ட் போனில் **21* என்று அடித்து, அந்த இலக்கத்தைச் சேர்த்து, # போட்டு அழையுங்கள். வரும் சாதாரண அழைப்பெல்லாம் பட்டன் போனுக்குத் திரும்பும். ஸ்மார்ட் போனைக் கடை லாச்சிக்குள் வைத்துத் திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். காலையில் ##21# அடித்தால் பழையபடி. திருப்பிய அழைப்புக்கு நீங்கள் வெளியே அழைத்ததுபோல் காசு வெட்டும், எனவே பொதிக்குள் அடங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ் திரும்பாது, வங்கியின் ஓரிபி (OTP, ஒருமுறை எண்) லாச்சிக்குள் இருக்கும் போனுக்கே போகும்.

ஓடருக்கு வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். அதில் 'வெளியே இருக்கிறேன்' என்ற தானியங்கிச் செய்தியைக் கடை நேரத்துக்கு வெளியே மட்டும் போகும்படி வைக்கலாம். "காலை 8.30க்குப் பதில் தருவோம்" என்று நேரத்தையும் எழுதிவிடுங்கள். நேரம் குறிப்பிட்டால் காத்திருக்கும் வாடிக்கையாளர், குறிப்பிடாவிட்டால் அடுத்த கடைக்கு எழுதுவார்.

சிம்மையே கழற்றிப் பட்டன் போனில் போடுபவர்களும் உண்டு. சிம் இல்லாமலும் ஸ்மார்ட் போனில் வாட்ஸ்அப் வைஃபையில் ஓடும். ஆனால் நாளுக்கு இரண்டு தடவை கழற்றினால் தட்டு தேயும். சின்ன சிம்மைப் பெரிய துவாரத்தில் போட உதவும் பிளாஸ்டிக் சட்டத்தை வெறுமையாக இழுத்தால் உள்ளேயுள்ள கம்பிகள் மாட்டி வளைந்துவிடும். ரிப்பெயர் கடைகளுக்கு இது வழக்கமான வருமானம். மலிவான பட்டன் போன்களில் எஸ்எம்எஸ் பெட்டி நிரம்பினால் புதிய ஓரிபி உள்ளே வராது. தமிழ்ச் செய்தி கட்டம் கட்டமாகத் தெரிவதும் உண்டு. கணினியில் வாட்ஸ்அப் இணைத்திருந்தால், 14 நாளுக்கு ஒருமுறையாவது போனில் திறக்க வேண்டும்; இல்லாவிட்டால் கணினி தானாக வெளியேறிவிடும்.

போனைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். இரண்டு கிழமை நல்ல குறைவு. இப்போது பழகிவிட்டது, அல்லது நானே நிறத்தைப் போட்டுவிடுகிறேன்.
– இளைஞர் ஒருவர், திருக்கோவில்

'பழகிவிட்டது' என்பதைவிட 'நானே போட்டுவிடுகிறேன்' என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் செய்து 2020இல் வெளியான ஆய்வில், கறுப்பு வெள்ளை வைத்தவர்களுக்கு நாளுக்குச் சராசரி 38 நிமிடம் குறைந்தது. ஆனால் அந்த ஆய்வு ஓடியது ஒன்றரைக் கிழமைதான். உங்களுடைய இரண்டு கிழமையும் அதற்குப் பொருந்துகிறது.

நிறத்தைத் திரும்பப் போடும் வழியை நீளமாக்குங்கள். மேலிருந்து இழுக்கும் பலகையில் அதற்கென்று வைத்த பொத்தானை எடுத்துவிடுங்கள். ஐபோனில் பக்கப் பொத்தானை மூன்று தடவை அழுத்தும் குறுக்குவழியை நிறுத்துங்கள். பிறகு அக்சசிபிலிற்றிப் பகுதிக்குள் போய்த்தான் மாற்ற வேண்டிவரும். அன்ட்ரொயிட்டில் அது நிறத் திருத்தம் என்ற பெயரில் இருக்கும், ஐபோனில் திரை, எழுத்து அளவுப் பகுதிக்குள் நிற வடிகட்டிகள் என்று இருக்கும். இந்தத் தூரமே பாதித் தடவை கையை நிறுத்தும்.

படம் எடுப்பவர்கள் பயப்பட வேண்டாம். திரைதான் சாம்பல், எடுக்கும் படம் நிறத்திலேயே பதிவாகும். வயலில் நெல் இலையின் மஞ்சளைப் படமெடுத்து விவசாயப் போதனாசிரியருக்கு அனுப்பினால், அவருக்கு மஞ்சளாகவே தெரியும்.

இதோடு தாமதச் செயலி ஒன்றையும் சேருங்கள். 'வன் செக்' (one sec) போன்ற செயலி, டிக்டொக்கைத் தொட்டதும் சில விநாடி மூச்சு விடச் சொல்லி, பிறகு "திறக்கவா?" என்று கேட்கும். 2023இல் வெளியான ஆய்வொன்றில், இப்படிக் கேட்டபோது திறக்க முயன்ற தடவைகளில் 36 வீதத்தில் ஆட்கள் தாங்களாகவே விட்டுவிட்டார்கள்.

போனைத் தொட்டால் பூட்டும் 'பிரிக்' என்ற சின்னக் கட்டி வெளிநாட்டில் விற்கிறார்களாம். இங்கே செய்து பார்க்க முடியுமா?
– வாசகர் ஒருவர், கல்முனை

அந்தக் கட்டிக்குள் இருப்பது என்எஃப்சி (NFC) வில்லை, கிட்ட வைத்தால் போன் வாசிக்கும் சின்னச் சில். பற்றரி இல்லை; போன் கிட்ட வரும்போது அதன் அலையிலிருந்தே சக்தி எடுக்கும். பூட்டும் வேலையைச் செய்வது போனில் உள்ள செயலி, வில்லை வெறும் திறப்பு. திறப்பு வீட்டிலும் நீங்கள் வெளியிலும் இருந்தால் டிக்டொக் திறக்காது, அவ்வளவுதான் வித்தை.

ஐபோனில் பாதி வேலையை நீங்களே செய்யலாம். என்ராக் 213 (NTAG213) வகை என்எஃப்சி ஸ்ரிக்கர் ஒன்று போதும். ஷோர்ட்கட்ஸ் செயலியில் தன்னியக்கப் பகுதியைத் திறந்து, என்எஃப்சியைத் தெரிந்து, ஸ்ரிக்கரில் போனின் தலைப்பக்கத்தை வைத்து ஸ்கேன் பண்ணிப் பெயர் கொடுங்கள். 'உடனே இயக்கு' என்று வைத்து, ஃபோகஸ் பயன்முறையைப் போடும் செயலைச் சேருங்கள். அந்த ஃபோகஸில் உங்களுக்குத் தொல்லையான செயலிகள் இல்லாத முகப்புப் பக்கத்தை மட்டும் காட்டச் சொல்லுங்கள். ஐபோன் எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ், அவற்றுக்குப் பிறகு வந்த போன்களில் இது ஓடும். ஆனால் இது செயலியை மறைக்குமே தவிரப் பூட்டாது, தேடினால் அகப்படும். மலிவான அன்ட்ரொயிட் போன்கள் பலவற்றில் என்எஃப்சியே இல்லை. ஸ்ரிக்கர் வாங்க முதல் அமைப்புக்குள் அந்தப் பெயரைத் தேடிப் பாருங்கள்.

பெரும்பாலானோர் தவறுவது ஒட்டும் இடத்தில். இரும்பு அலுமாரியிலும் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் சாதாரண ஸ்ரிக்கர் வேலை செய்யாது, உலோகம் அலையை விழுங்கிவிடும். பலகை, சுவர், ஓடு நல்லவை. வாசிக்கும் தூரம் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர்தான், தடித்த உறை போட்டால் அதுவும் குறையும். கட்டிலருகே ஒட்டினால் பயனில்லை. படலைத் தூணில் ஒட்ட நினைத்தால் கடதாசி ஸ்ரிக்கர் ஒரு மாரிக்குத் தாங்காது. திறப்புக் கோர்வையில் மாட்டும் பிளாஸ்டிக் வில்லையை ஆணியில் தொங்கவிடுங்கள்.

எலாம் வைக்கவே போனைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன். படுக்கும்போதும் எழும்பும்போதும் ஒரு மணித்தியாலம் போகிறது.
– ஆசிரியை ஒருவர், ஆரையம்பதி

முள் மணிக்கூடு ஒன்று வாங்குங்கள். எலாம் முள் 12 மணித்தியாலக் கணக்கு; காலை 4.30க்கு வைத்ததை நிறுத்தாமல் விட்டால் பின்னேரம் 4.30க்கும் அடிக்கும். குறித்த நேரத்துக்கு ஐந்து பத்து நிமிடம் முந்திப் பிந்தி அடிப்பதும் இயல்பு, எனவே பத்து நிமிடம் முன்னால் வையுங்கள். கடைக்காரரிடம் காதில் வைத்துக் கேட்டு, டிக் டிக் சத்தமில்லாததை எடுங்கள். சத்தம் பொறுக்காமல் இரண்டாம் நாளே பற்றரியைக் கழற்றுபவர்கள் அதிகம். உப்புக் காற்றில் பற்றரி கசிந்து பச்சை பிடிக்கும், வருடத்துக்கொருமுறை மாற்றுங்கள்.

போனுக்கு நம் வீடுகளில் ஏற்கெனவே ஒரு தடுப்பு இருக்கிறது: நுளம்பு வலை. போன் வலைக்கு வெளியே, எதிர்ச் சுவரில், 30 சென்ரிமீற்றர் வயரோடு சார்ஜில் இருக்கட்டும். நீள வயரை வீட்டிலிருந்தே அகற்றுங்கள், அதுதான் வலைக்குள் நுழையும். சொருகிய வலையைக் கிளப்பினால் நுளம்பு உள்ளே வரும் என்ற ஒன்றே பாதிப் பேரை நிறுத்திவிடும்.

கட்டாரிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளை அவசரமாக அழைத்தால் என்று யோசிப்பீர்கள். 'தொந்தரவு செய்யாதே' முறையைப் போட்டு, வேண்டிய இலக்கங்களை மட்டும் அனுமதியுங்கள். அதே இலக்கம் திரும்ப அழைத்தால் மணி அடிக்கும்படியும் வைக்கலாம். அன்ட்ரொயிட்டில் 15 நிமிடத்துக்குள், ஐபோனில் 3 நிமிடத்துக்குள் வரும் இரண்டாவது அழைப்பு அது. மணிச் சத்தம் முழுதாக இருக்க வேண்டும்.

தம்பி வெளிநாட்டிலிருந்து 'லைட் போன்' கொண்டுவருவதாகச் சொல்கிறான். நல்லதா?
– வாசகர் ஒருவர், செங்கலடி

அழைப்பு, எஸ்எம்எஸ் போன்ற சில வேலைகளுக்கு மட்டும் செய்த போன் அது. நல்ல போன், உங்களுக்கு உதவாது. அதில் வாட்ஸ்அப் இல்லை, வங்கிச் செயலியும் ஓடாது. எந்தப் போனானாலும் பெட்டியில் உள்ள 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைத் தம்பியிடம் கேட்டு வாங்கி, IMEI என்ற ஆங்கில எழுத்துகள், இடைவெளி, அந்த எண் என்று அடித்து 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் பதிவில் இருக்கிறதா என்று பதில் வரும். அந்தக் காசுக்குப் பதிலாக, இருக்கும் அன்ட்ரொயிட்டில் 'ஓலோஞ்சர்' (Olauncher) என்ற இலவச முகப்புச் செயலியைப் போடுங்கள். படங்கள் போய், வெறும் எழுத்தில் சில செயலிப் பெயர்கள் மட்டும் நிற்கும்.

விரல் சும்மா இருக்குதில்லை. பஸ்ஸில், கியூவில், ரி.வி பார்க்கும்போதும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. இதற்கும் கருவி உண்டா?
– வாசகர் ஒருவர், ஏறாவூர்

உண்டு. ஒஸ்திரிய வடிவமைப்பாளர் கிளெமென்ஸ் ஷில்லிங்கர் 2017இல் போன் வடிவத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டிகள் செய்து, திரை இருக்கவேண்டிய இடத்தில் கல் மணிகளைப் பதித்தார். தள்ளலாம், உருட்டலாம், ஒன்றும் தெரியாது. 2014இல் அமெரிக்காவில் 'நோ போன்' என்று வெறும் பிளாஸ்டிக் கட்டியையே விற்றார்கள், அதை வாங்கவும் ஆள் இருந்தது. தஸ்பீஹும் செபமாலையும் உருத்திராட்சமும் உள்ள ஊரில் இது பெரிய கண்டுபிடிப்பில்லை.

வணக்கத்துக்குரியதை இதற்கு எடுக்க மனமில்லையென்றால் தனியாக ஒன்றைக் கோர்த்துக்கொள்ளுங்கள். 8 மில்லிமீற்றர் மர மணி 20, தங்கூசி ஒரு முழம். மணிகளை நெருக்கிக் கட்டாமல் இரண்டு மணி அளவு இடைவெளி விடுங்கள், அப்போதுதான் விரலுக்கு நழுவும். இலாஸ்டிக் நூல் வியர்வையில் அறுந்துவிடும். தங்கூசியில் ஒற்றை முடிச்சு வழுக்கிக் கழரும். மூன்று முடிச்சுப் போட்டு, நுனியை நெருப்புக்குச்சியால் சுட்டு உருண்டையாக்குங்கள்.

போனைச் சுற்றி ரப்பர் வளையம் போடுவதும் வேலை செய்யும். திரையின் நடுவால் குறுக்கே போனால் அழைப்பை எடுக்கலாம், தள்ளினால் விரல் தட்டும். வெறும் ரப்பர் நம் வெயிலில் இளகித் திரையில் ஒட்டும். துணி சுற்றிய தலைமுடி வளையம் நல்லது. மணிக்கோர்வை, வழக்கமாகப் போன் இருக்கும் பொக்கற்றில் இருக்க வேண்டும். போன் மற்றப் பக்கத்துக்கோ பைக்குள்ளோ போகட்டும்.